செங்கமாரிக்கு முன்னே

சாய்ந்தமருதில் ஈரலைப் பற்றி எவரிடம் வினவினாலும் இரண்டு செய்திகள் தவறாமற் கிடைக்கும். ஈரல் கெட்டாற் கண் மஞ்சளாகும் என்பது ஒன்று. ஈரல் கெடுவது குடிப்பவனுக்கே என்பது மற்றையது. முதலாவதை மூத்தம்மாமாரும் இரண்டாவதைப் பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடமும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளன. இரண்டும் பொய்யென்று தள்ளத்தக்கனவும் அல்ல. ஆயினும், மதுவைத் தொடாது வாழ்வதையே தன் மானமாகக் கொண்ட ஓர் ஊரில் இவ்விரு செய்திகளும் ஒன்றுசேரும்போது விபரீதமான விளைவொன்று உண்டாகின்றது. கண் மஞ்சளாகும்வரை எவரும் ஈரலை நினைப்பதில்லை. மஞ்சளான பின்போ அதன் பெயரைச் சொல்லக் கூசுகின்றனர்.

செங்கமாரி என்ற சொல்லைக் கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையொன்று சோர்ந்து கிடந்து, சோறு வேண்டாமென்று சிணுங்கி, தேயிலைச் சாயம் போலச் சிறுநீர் கழித்தால் அதனை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்திக் கண்மடலைக் கீழே இழுத்துப் பார்ப்பார்கள். மஞ்சள் தெரிந்தால் கீழ்காய்நெல்லி தேடி ஆள் போகும். எண்ணெயும் இறைச்சியும் நிறுத்தப்படும். சில வாரங்களிற் பிள்ளை எழுந்து கடற்கரைக்கு ஓடும். அசுத்த நீராலும் உணவாலும் தொற்றும் ஈரலழற்சி ஏ பெரும்பாலும் தானாகவே மாறிவிடும் இயல்பினது. ஆகவே எந்த மருந்தும் அதன்முன் வெற்றி பெறும். வெற்றி கண்ட வைத்தியத்தின்மீது ஊர் கொண்டுள்ள நம்பிக்கையைப் பழிப்பதற்கில்லை. அந்த நம்பிக்கை முற்றிலும் வேறான ஒரு நோயின்மீதும் அப்படியே கவிந்து நிற்பதே கவலைக்குரியது. ஈரற் புற்றுநோயில் மஞ்சள் முன்வரிசையில் வருவதில்லை. பித்தநாளத்தைக் கட்டி நெரித்தாலோ, எஞ்சியிருக்கும் ஈரலும் களைத்துப் போனாலோதான் அது வரும். பெரும்பாலும் கதை முடியும் தறுவாயில்.

தமிழர் ஈரல் என்ற சொல்லைத் தாராளமாகவே வழங்கியுள்ளனர். மூச்சுவிடும் உறுப்பு நுரையீரல். இடப்புறத்தில் ஒளிந்திருப்பது மண்ணீரல். வலப்புற விலாவெலும்புகளின் கீழே கிடப்பது கல்லீரல். அச்சம் வந்தால் 'ஈரற்குலை நடுங்கிற்று' என்பர். உணர்ச்சி அனைத்தையும் தாங்கும் இடமாக மொழி அதனைக் கருதியிருக்க, உடலியலோ நேர்மாறாகக் கூறுகின்றது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையுடைய இவ்வுறுப்பின் உட்பகுதிக்கு நோவை உணரும் நரம்புகள் இல்லை. அதனைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கு மாத்திரமே நோவு தெரியும். கட்டி வளர்ந்து உறையை இழுக்கும்வரை உள்ளே நடப்பது வெளியே வராது. போதாக்குறைக்கு ஈரலிடம் மிதமிஞ்சிய கையிருப்பும் உண்டு. நலமுள்ள ஈரலின் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி நீக்கினாலும் எஞ்சியது வேலையைச் செய்துகொண்டே மீண்டும் வளரும். கல் என்ற அடைமொழியை இட்டவர்கள் அதன் வாய்மூடித்தனத்தை அறிந்துதான் இட்டார்களோ என்னவோ!

இவ்வாறு வாய்மூடிக் கிடந்த ஈரலொன்றின் கதை பொலிவேரியன் கிராமத்தில் ஒரு வீட்டில் நிகழ்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிக் கடல்கோளின் பின்னர், கரையோரத்தில் வீடிழந்தவர்களுக்கென வெனிசுவேலா நாட்டின் உதவியுடன் வயற்புறமாக எழுந்த குடியிருப்பு அது. அவ்வீட்டுத் தலைவர் இளமையிற் கரைவலை இழுத்தவர். கடல் வீட்டையும் தோணியையும் கொண்டு போனபின் கடலோடு கொண்ட உறவை அறுத்துக்கொண்டு, புதிய வீட்டின் முன்விறாந்தையில் ஒரு சில்லறைக் கடை வைத்தார். விடியற்காலையில் இரு மைல் நடந்து, கயிற்றோடு பின்னோக்கி வலித்து, வியர்வையில் நனைந்த உடம்பு அதன்பின் பதினேழு ஆண்டுகள் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தது. வெறுந்தேநீருக்கும் சீனிக்கும் குறைவில்லை. நாற்பத்தைந்தாம் வயதில் நீரிழிவு வந்தது, வயிறும் வந்தது. அவர் தம் வாழ்நாளில் மதுவை நாவில் வைத்தவரல்லர். பீடியும் கடல்கோளோடு போயிற்று. மூத்த மகளுக்குக் கொடுத்த சீதன வீட்டைக் கடல் கொண்டது. இளைய மகளுக்குரியதை அவர் கல் கல்லாக அடுக்கிக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணமுடிக்கும் இக்கரையோர வழக்கில் ஒரு தகப்பனின் உடம்பு மகளின் சுவர் எழும்பும்வரை தனக்குரியதன்று.

2021ஆம் ஆண்டின் இறுதியிற் களைப்புத் தொடங்கிற்று. லுஹர் தொழுகைக்குப் பின் கடையை மூடிச் சற்றுச் சாய்வார், அசர்வரை எழும்பமாட்டார். ஐம்பத்தெட்டு வயதில் இதனை எவர் நோயென்பார்? அடுத்த ஆண்டு பிறந்தபோது நாடே களைத்திருந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை, நாளொன்றிற் பல மணிநேர மின்வெட்டு, இரசாயனப் பசளைத் தடையால் விளைச்சல் குன்றிய வயல், மண்ணெண்ணெய் இன்றிக் கரையில் ஏற்றிய படகுகள். அரிசியின் விலையும் சீமெந்தின் விலையும் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருந்தன. ஏப்ரில் மாதத்தில் நோன்பும் வந்தது. அந்த ஆண்டில் மெலியாதவர்தாம் யார்? சாரனின்மேல் இறுக்கும் அவரது அகன்ற இடுப்புப்பட்டியில் ஊசி ஒரு துளை உள்ளே போயிற்று. பெருநாளின்போது மூன்று துளை. சம்மாந்துறையிலிருந்து வந்த உறவினர், "நோன்பு உங்களுக்கு நல்லாப் பிடிச்சிரிக்கி" என்று மகிழ்ந்து சொன்னார்கள். பஞ்சமும் பக்தியும் சேர்ந்து ஓர் அறிகுறியை மறைத்த விந்தை அது. முயலாமல் ஆறு மாதங்களில் உடல்நிறையின் இருபதில் ஒரு பங்கு குறைந்தாற் காரணம் தேட வேண்டும் என்பது வைத்தியத்தின் பாலபாடம். ஆனால் 2022இல் இலங்கையில் தராசுக்கு அஞ்சியவர் கடைக்காரர் மட்டுமே.

முதலில் ஐயுற்றவர் மனைவி. அவருக்கு வைத்தியம் தெரியாது. கணவரின் பீங்கானைத் தெரியும். பாரை மீன் ஆணத்துக்காக மத்தியானத்தை எதிர்பார்த்திருந்த மனிதர் அதன் மணத்துக்கே முகத்தைத் திருப்பினார். பசியோடு அமர்வார், நாலு வாய் உண்டபின் நெஞ்சுமட்டும் நிறைந்துவிட்டதென்று கையைக் கழுவுவார். பசியின்மை வேறு, விரைவில் வயிறு நிரம்புதல் வேறு. பின்னையதில் வீங்கிய ஈரல் பக்கத்திலுள்ள இரைப்பையை நெருக்கி இடத்தைப் பறிக்கின்றது. மனைவி எண்ணெயைக் குறைத்தார், பாலாணம் வைத்தார், நோன்புக் கஞ்சியை நோன்பு முடிந்த பின்னும் காய்ச்சினார். கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கொண்டும் இல்ல. கேஸ்தான். மறுகா பாப்பம்." இந்த 'மறுகா' என்ற சொல்லுக்குக் கிழக்கிலங்கையின் முஸ்லிம் வீடுகளில் எல்லையே கிடையாது. அது நாளையாகவும் இருக்கலாம், மறுமையாகவும் இருக்கலாம்.

வேறு குறிகளும் இருந்தன. அவை சிதறிக் கிடந்தன. தாடியை ஒதுக்கும் சலூன்காரர் மயிர் ஐதாகி வருவதைக் கண்டார். உள்ளங்கை சிவந்திருப்பதைப் பேரப்பிள்ளை கண்டு மருதோன்றி இட்டீர்களா என்று கேட்டது. இவை புற்றுநோயின் குறிகளல்ல. அதற்கு முன்னே நடந்து செல்லும் சிரோசிஸின் குறிகள். ஈரற் கலங்கள் நெடுங்காலம் புண்பட்டுப் புண்பட்டு, தழும்பு படர்ந்து, உறுப்பே இறுகி முடிச்சுமுடிச்சாகிவிடும் நிலையைத்தான் சிரோசிஸ் என்கின்றனர். ஈரலில் தோன்றும் முதன்மைப் புற்றுக்களிற் பெரும்பாலானவை அத்தகைய தழும்பு நிலத்திலேயே முளைக்கின்றன. ஜூன் மாதத்தில் வலத் தோள்பட்டை உளையத் தொடங்கிற்று. அரிசி மூட்டை தூக்கியதால் வந்ததென்று எண்ணி எண்ணெய் தேய்த்தார்கள். ஈரலின்மேற் கிடக்கும் பிரிமென்றகட்டை உறுத்தும் நோவும் தோளின் உணர்ச்சியும் கழுத்தில் ஒரே நரம்பு வேர்களிற் சந்திப்பதால் மூளை இடத்தை மாற்றி அறிகின்றது. விலாவின் கீழே உள்ள வீட்டில் தீ, தோளிலே கூக்குரல்.

எல்லாவற்றிலும் ஏமாற்றியது நீரிழிவுதான். ஆண்டுக்கணக்கில் இருநூறுக்குக் கீழே இறங்காத சீனி தானாகவே இறங்கிற்று. மருந்துக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் ஒருவேளைக் குளிசை போதுமென்ற நிலை வந்ததை அவர் இறைவனின் அருளெனக் கொண்டார். வீடும் அவ்வாறே கொண்டது. இரவில் உடலுக்குத் தேவையான சீனியைச் சேமித்து வைத்து விடுவிக்கும் களஞ்சியம் ஈரலே. அந்தக் களஞ்சியம் இடிந்தாலும், வளரும் கட்டி சீனியை விழுங்கினாலும், உண்பது குறைந்தாலும் எண் இறங்கும். நீண்டகால நீரிழிவுக்காரர் ஒருவரின் சீனி காரணமின்றிக் குறையுமானால் அதனைக் கொண்டாடுவதற்கு முன் ஒரு வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

ஓகஸ்ற் மாதத்தில் வீடு மகிழ்ந்தது. வாப்பா மீண்டும் வயிறு வைத்துவிட்டார்! இடுப்புப்பட்டியின் ஊசி பழைய துளைக்குத் திரும்பிற்று. கைகால் சூம்பியிருக்க வயிறு மட்டும் பெருப்பதை மூத்த மகள்தான் ஒருநாள் அவர் சட்டை கழற்றியபோது பார்த்தாள். தொப்புள் வெளியே பிதுங்கியிருந்தது. அது கொழுப்பன்று, நீர். மகள் வற்புறுத்தியதால் ஒரு தனியார் வைத்தியரைக் கண்டார்; அவர் ஸ்கான் எடுக்கச் சொன்னார். செப்டெம்பரில் எடுத்த அந்த ஸ்கானின் அறிக்கை இரண்டு மாதங்கள் கடையின் காசுப்பெட்டிக்குக் கீழே, கடன் கொப்பிகளுக்கிடையே கிடந்தது.

ஏன் மறைத்தார் என்பதைப் பின்னர் மனைவியிடம் அவரே சொன்னார். "ஈரல்ல வருத்தம் எண்டு ஊருக்குள்ள தெரிஞ்சா, களவாக் குடிச்சிரிக்கான் எண்டுதான் கதைப்பானுகள். மாப்பிள்ளை வீட்டாக்களுக்கு நான் என்ன சொல்ற?" இளைய மகளின் நிக்காஹ் நவம்பருக்குக் குறிக்கப்பட்டிருந்தது. குடிகாரனென்ற பெயர் தம்மோடு புதைந்து போகும், மகளோடு வாழும் என்று அவர் கணக்கிட்டார். அறிகுறிகளை அறியாமை ஒரு துன்பம். அறிந்தும் அவற்றுக்கு உரிய பெயரைச் சூட்ட இயலாமை அதனினும் பெருந்துன்பம். வைத்திய நூல்கள் முன்னதைப் பற்றி அத்தியாயங்கள் எழுதுகின்றன. பின்னதைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதக் காணோம்.

அவரது அச்சத்துக்கு அடிப்படையான நம்பிக்கை இலங்கையின் நிலைமைக்குப் பொருந்தாதது. மதுசாரம் ஈரலை அழிக்கும் என்பதில் ஐயமில்லை. உலகின் பல பாகங்களில் ஈரலழற்சி பி, சி ஆகிய வைரசுக்கள் ஈரற் புற்றின் பெருங்காரணங்களாகும். பி வைரசின் மேற்பரப்பு உடலெதிரியாக்கியை 1960களிற் கண்டறிந்த பாரூக் புளும்பேர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். தாய்வான் 1984இல் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு அதற்கெதிரான தடுப்பூசியைத் தொடங்கி, பின்னர் குழந்தைகளுக்கெல்லாம் விரிவாக்கியது. பின்னர் அங்கு சிறுவரிடையே ஈரற் புற்று வீழ்ச்சியடைந்தது. ஊசியொன்றினாற் புற்றுநோயைத் தடுக்கலாமென்று மனிதகுலம் முதன்முதலிற் கண்டது அப்போதுதான். இலங்கையில் இத்தடுப்பூசி 2003இல் தேசிய நிகழ்ச்சித்திட்டத்திற் சேர்ந்தது. ஆனால் இந்நாட்டில் வைரசுத் தொற்று இயல்பாகவே குறைவு. இங்கு ஈரற் புற்றுக்கு ஆளாவோரில் மிகப் பலரிடம் வைரசு இல்லை. அவர்களிடம் காணப்படுவது நீரிழிவும், இடுப்புச் சுற்றளவும், ஈரலிற் படிந்த கொழுப்புமே. கம்பஹா மாவட்டத்தின் றாகமைப் பகுதியில் நடுத்தர வயதினரை ஆராய்ந்த களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருக்கக் கண்டனர். இவர்களில் எல்லோருக்கும் சிரோசிஸ் வராது, சிறுபகுதியினருக்கே வரும். சிறுபகுதியென்றாலும் மூன்றிலொன்றின் சிறுபகுதி சிறு தொகையாகாது. நீரிழிவு மட்டுமே ஈரற் புற்றின் அபாயத்தை இரண்டு மூன்று மடங்காக்க வல்லது.

இந்நோய்க்கு வைத்திய உலகம் நெடுங்காலம் இட்டிருந்த பெயர் 'மதுசாரம் சாராத கொழுப்பு ஈரல் நோய்' என்பதாகும். குடியாதவனின் நோய்க்கும் குடியைக் குறித்தே பெயர்! நோயாளருக்கு இப்பெயர் இழிவு தருகின்றதென்ற முறைப்பாட்டையும் கருத்திற்கொண்டு 2023இல் சர்வதேசச் சங்கங்கள் அதனை மாற்றி, உடலின் அனுசேபக் கோளாற்றைக் குறிக்கும் பெயரொன்றை ஏற்றன. அப்பெயர் அறிவிக்கப்பட்டபோது பொலிவேரியன் கிராமத்துக் கடைக்காரர் உயிரோடில்லை.

நிக்காஹ் நடந்தது. சஹனில் வைத்த சோற்றை மாப்பிள்ளையின் தகப்பனாரோடு அமர்ந்து அவரும் அளைந்தார், உண்டாரென்று சொல்வதற்கில்லை. அதற்கடுத்த கிழமை கண் மஞ்சளாயிற்று. ஊருக்குத் தெரிந்த குறி அதுவொன்றே. ஆகவே ஊருக்குத் தெரிந்த வைத்தியமும் உடனே வந்தது. மூன்று வாரம் கீழ்காய்நெல்லிச் சாறு குடித்தார். இதனை அறியாமையென்று ஏளனஞ் செய்வோர் ஒரு வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும். இதே மூலிகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன் குழுவினர் பி வைரசைச் சுமப்போருக்குக் கொடுத்து ஆராய்ந்து, முப்பத்தேழு பேரில் இருபத்திரண்டு பேரிடம் வைரசின் குறி மறைந்ததென்று 1988இல் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினர். அம்மூலிகை ஆய்வில் ஈடுபட்டிருந்தோரில் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்கும் ஒருவர். பிறநாடுகளிற் பின்னர் நடந்த சோதனைகள் அப்பயனை உறுதிசெய்யவில்லை. எவ்வாறாயினும் அது வைரசுக்கான சோதனை. புற்றுக்கு அதனை எவரும் மருந்தெனக் காட்டியதில்லை. பாட்டியின் மருந்தைப் பல்கலைக்கழகமே ஒருகாலத்தில் நம்பியதென்றால் மனைவி நம்பியதிற் குற்றமென்ன? குற்றம் மூலிகையிலும் இல்லை. மூன்று வாரங்கள் கழிந்தன என்பதே துயரம்.

பின்னர் மட்டக்களப்புக்கும் அங்கிருந்து மஹரகமவுக்குமாக இரவுப் பஸ் பயணங்கள். ஈரற் புற்றின் நிர்ணயத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. சிரோசிஸ் உள்ள ஈரலிற் கட்டி தோன்றினால், மைமருந்து ஏற்றி எடுக்கும் சீரீ ஸ்கானிலேயே அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். நாடிக் குருதி பாயும்போது ஒளிர்ந்து, பின்னர் சூழலைவிட மங்கும். ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டிய தேவை பலருக்கு ஏற்படாது. கத்தி பட்டாற் பரவும் என்று அஞ்சிச் சோதனைக்கே போகாதிருக்கும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. கடைக்காரரின் கட்டி ஒன்பது சென்ரிமீற்றர். வாயில் நாளத்திலும் புகுந்திருந்தது. மிலான் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 1996இல் வகுத்த அளவுகோல் ஒன்றுண்டு: ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள். அதற்குட்பட்டோருக்கு ஈரல் மாற்றிய போது நான்கு ஆண்டுகளின் பின் நால்வரில் மூவர் உயிரோடிருந்தனர். சிறு கட்டியை வெட்டியகற்றலாம். ஊசி நுழைத்துச் சுட்டழிக்கலாம். ஒன்பது சென்ரிமீற்றருக்கு, அதுவும் வயிற்றில் நீரும் கண்ணில் மஞ்சளும் சேர்ந்தவருக்கு, நீரை இறைப்பதும் நோவைத் தணிப்பதுமே எஞ்சியிருந்தன. 2023 பெப்ரவரியில் ஒரு சுபஹுக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவரது வபாத்தை அறிவித்தது. என்ன வருத்தமென்று கேட்டவர்களுக்கு 'சீனி' என்று வீட்டார் சொன்னார்கள். அவர்கள் நினைத்ததைவிட அது உண்மைக்கு நெருங்கிய விடை.

செப்டெம்பரிலேயே அறிக்கையைக் காட்டியிருந்தாற் பிழைத்திருப்பாரா? மாட்டார் என்றே சொல்லவேண்டும். அப்போதே வயிற்றில் நீர் கோத்திருந்தது. மறைத்த இரண்டு மாதங்களும் சாறு குடித்த மூன்று வாரங்களும் நோவுக்கு மருந்து பெறும் காலத்தைக் கொண்டு போயின, உயிரை அல்ல. உயிர் வேறோரிடத்திற் கைநழுவியது. இத்தா இருந்த நாட்களில் உம்மா அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது மூத்த மகளின் கையிற் பழைய காகிதக் கட்டொன்று கிடைத்தது. சிறுநீரகக் கல்லென்று ஐயுற்று 2014இல் எடுத்த ஸ்கானில், கல் இல்லை என்ற வரிக்குக் கீழே 'கொழுப்பு ஈரல்' என்றொரு வரி. எல்லோருக்கும் உள்ளதுதானே என்று அன்று அனைவரும் விட்டுவிட்டனர். 2019இல் காய்ச்சலுக்காகச் செய்த குருதிப் பரிசோதனையில் குருதிச் சிறுதட்டுக்கள் குறைவு. டெங்கு என்றெண்ணி வாட்டில் வைத்திருந்தார்கள், காய்ச்சல் மாறிற்று. மூன்று மாதம் கழித்து எடுத்த இன்னொரு காகிதத்திலும் அதே குறைவு. டெங்கு போன பின்னும் சிறுதட்டுக்கள் ஏறாதது ஏனென்று எவரும் கேட்கவில்லை. இறுகிய ஈரலின் பின்னே குருதி தேங்கி மண்ணீரல் வீங்கினால் அது சிறுதட்டுக்களைச் சிறைப்படுத்தும். வயது, இரண்டு ஈரல் நொதியங்கள், சிறுதட்டுத் தொகை ஆகிய நான்கையும் ஒரு சூத்திரத்திலிட்டால் தழும்பின் அளவை ஓரளவு மதிப்பிடலாம். 2006 முதல் வழக்கிலுள்ள எளிய கணக்கு அது. அந்த நான்கு எண்களும் 2019இலேயே அந்த அலுமாரிக்குள் இருந்தன. ஒரே காகிதத்தில் அல்ல, மூன்று காகிதங்களில்.

சிரோசிஸ் உண்டென்று தெரிந்தவருக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான் எடுக்கவேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. கட்டி இரட்டிப்பதற்குச் சராசரியாக நாலைந்து மாதங்கள் செல்லும் என்பதிலிருந்து பிறந்தது அந்த இடைவெளி. வயிற்றின்மேற் குளிர்ந்த பசையைத் தடவிச் சில நிமிடங்களில் முடியும் காரியம். கருவுற்ற தாய்மார் அனைவரும் அறிந்த அதே பொறிதான். பசியும் மெலிவும் நோவும் மஞ்சளும் பேசத் தொடங்குவதற்கு ஆண்டுகள் முன்பே அது இரண்டு சென்ரிமீற்றர்க் கட்டியைக் காட்டக்கூடும். நூல்களிலே நிரல்படுத்தப்படும் அறிகுறிகள் எல்லாம் நோய் தானே கதவைத் தட்டிச் சொல்பவை. அதற்கு முன் தேடிப் போய்ப் பார்ப்பதற்கு, எந்த வீட்டுக் கதவென்று தெரிந்திருக்கவேண்டும். நீண்டகால நீரிழிவும், பெருத்த இடுப்பும், கொழுப்பு ஈரலென்று எழுதிய பழைய காகிதமும் அந்த வீட்டின் இலக்கம் போன்றவை.

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்தவர்களுள் மரித்தவரின் இளைய சகோதரரும் இருந்தார். மாளிகைக்காட்டிற் பெண் எடுத்தவர். அவருக்கும் நீரிழிவு, அதே உடல்வாகு. சோறு பரிமாறும்போது மூத்த மகள் அவரருகே வந்து நின்று, "சாச்சா, உங்கட சீனி இப்ப எவ்வளவு?" என்று கேட்டாள். அவர் ஓர் எண்ணைச் சொன்னார். "ஸ்கான் எடுத்திரிக்கீங்களா?" இல்லையென்றார், தமக்கு ஒன்றும் இல்லையென்றார், மறுகா பார்ப்போமென்றார். அவள் விடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை முச்சக்கர வண்டியொன்றை வாசலிற் கொண்டுபோய் நிறுத்தினாள். ஈரலிற் கொழுப்பு இருந்தது, தழும்பு சிறிது தொடங்கியிருந்தது, கட்டி இல்லை. குடிப்பீர்களா என்று இளம் வைத்தியர் வழமைப்படி கேட்டபோது சாச்சாவின் முகம் கறுத்தது. மகள் இடையிற் புகுந்து, அவர் குடிக்கிறவரில்லை, சீனிக்காரர் என்று சொன்னாள். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் மெலிய வேண்டிய கிலோக்களின் எண்ணையும் அதன் கீழே அடுத்த ஸ்கானின் திகதியையும் வைத்தியர் எழுதிக் கொடுத்தார். கொப்பியை மகளே தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சாச்சாவின் கடையிலும் ஒரு காசுப்பெட்டி உண்டு.